பையாப்ஸி எடுத்தாகிவிட்டது, ரிப்போர்ட் வர ஒரு வாரம்: அதுவரை என்ன நடக்கிறது?

கேட்கப்பட்டது இது: வயது 38. குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. மேமோகிராம், அல்ட்ராசவுண்ட் இரண்டும் எடுத்ததில் பைராட்ஸ் 4ஏ என்று வந்திருக்கிறது. நேற்று ஊசியால் சதை எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டுக்கு ஒரு வாரம் ஆகுமாம். ஏன் இத்தனை நாள்? அதற்குள் வளர்ந்துவிடாதா? ஊசி குத்தினால் பரவிவிடும் என்று மாமியார் சொல்கிறார். இரவில் தூக்கமே இல்லை.

நான் பெத்தாலஜிஸ்ட். உங்களிடமிருந்து எடுத்த சதைத் துணுக்கை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, அது என்ன என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது எங்கள் வேலை. நீங்கள் எங்களைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நாங்களும் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. பெயர், வயது, இடதா வலதா என்று எழுதிய ஒரு தாளும் ஒரு சின்னப் பாட்டிலும்தான் எங்களிடம் வந்து சேரும். நீங்கள் காத்திருக்கும் வாரம் பெரும்பாலும் எங்கள் லேபில்தான் கழிகிறது. அதனால் அங்கே நடப்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாதபோதுதான் ஒவ்வொரு மணி நேரமும் கனக்கிறது.

முதலில், அதற்குள் வளர்ந்துவிடாதா என்ற கேள்வி. ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ சிகிச்சையின் பலனை மாற்றும் அளவுக்கு எதுவும் ஆகிவிடாது. உங்களைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. புற்றுநோயாகவே இருந்தாலும், மார்பகக் கட்டி ஒன்று இரு மடங்காகப் பொதுவாகச் சில மாதங்கள் பிடிக்கும். கையில் தட்டுப்படும் அளவுக்கு வந்திருக்கிறது என்றால் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்திருக்கிறது என்று பொருள். கெடுதல் செய்வது மாதக்கணக்கான தாமதம். 1999இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, அறிகுறி தெரிந்தும் மூன்று மாதத்துக்கு மேல் தாமதமானவர்களில் பிழைப்பவர்கள் குறைவு என்று காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய்த் திட்டம், டாக்டரிடம் முதன்முதலாகக் காட்டியதிலிருந்து 60 நாளுக்குள் இன்ன நோய் என்று முடிவாகிவிட வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. நீங்கள் ஸ்கேன் எடுத்து, பையாப்ஸியும் முடித்துவிட்டீர்கள். நேரத்தை வீணாக்கியவர் பட்டியலில் நீங்கள் இல்லை.

நம் ஊரில் கட்டி முற்றிய நிலையில் வருகிறவர்கள் ரிப்போர்ட்டுக்காக ஒரு வாரம் பொறுத்தவர்கள் அல்ல. வலிக்கவில்லையே என்று இருந்துவிட்டவர்கள். பற்றுப் போட்டால் கரைந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பியவர்கள். மகள் கல்யாணம் முடியட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்தவர்கள். வலி இல்லை என்பது நல்ல அறிகுறி என்று எப்படியோ எல்லா வீடுகளிலும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மார்பகப் புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியை வைத்து எந்தப் பக்கமும் முடிவெடுக்க முடியாது.

அடுத்து அந்த 4ஏ. பைராட்ஸ் எண் என்பது, படத்தைப் பார்த்த ரேடியாலஜிஸ்டுக்கு எவ்வளவு சந்தேகம் இருக்கிறது என்பதன் அளவு. அது நோயின் ஸ்டேஜ் கிடையாது. "நாலாவது ஸ்டேஜ்னு போட்டிருக்காங்க" என்று அழுதுகொண்டே வருகிறவர்கள் உண்டு. இதை ஸ்கேன் அறையிலேயே ஒரு வரி சொல்லி அனுப்பியிருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் ஆதங்கமாக இருக்கும். 3 என்றால் புற்றாக இருக்க வாய்ப்பு 2 சதவீதத்துக்குள். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். 4ஏ என்றால் 2 முதல் 10 சதவீதம், 4பி என்றால் 10 முதல் 50, 4சி என்றால் 50 முதல் 95. 5 என்றால் 95க்கும் மேல். ஆக, 4ஏ என்று எழுதப்பட்ட நூறு பெண்களுக்குப் பையாப்ஸி செய்தால் தொண்ணூறு பேருக்கு மேல் புற்றுநோய் இல்லை என்றுதான் வரும். மிச்சமுள்ள சிலரைத் தவறவிடக் கூடாது என்பதற்காகத்தான் நூறு பேருக்கும் ஊசி.

புற்று இல்லையென்றால் வேறென்ன? உங்கள் வயதில் ஃபைப்ரோஅடினோமாவாக இருக்கலாம். தொட்டால் வழுக்கிக்கொண்டு நகரும், கெடுதல் இல்லாத கட்டி அது. ஹார்மோன் மாற்றத்தால் திசு திரண்டிருக்கலாம். நீர் கோத்த பையாக இருக்கலாம். எப்போதோ அடிபட்ட இடத்தில் கொழுப்பு செத்துக் கட்டியாகியிருக்கலாம். இது ஸ்கேனில் புற்று மாதிரியே தெரிந்து எல்லாரையும் பயமுறுத்தும். நாள்பட்ட அழற்சியும் நம் நாட்டில் கணிசமாகப் பார்க்கிறோம், சில சமயம் காசநோய்கூட மார்பில் கட்டியாக வரும். இவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. படத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாததால்தான் சதை தேவைப்படுகிறது.

ஊசி குத்தினால் பரவும் என்பது. உங்கள் மாமியார் மட்டும் சொல்வதில்லை, படித்தவர்களும் சொல்கிறார்கள். ஊசி போன வழியில் சில செல்கள் இடம் மாறிக் கிடப்பதை மைக்ரோஸ்கோப்பில் நாங்களே சில சமயம் பார்ப்பதுண்டு. ஆனால் அவை பெரும்பாலும் அங்கேயே மடிந்துவிடுகின்றன. ஊசியால் பையாப்ஸி செய்துகொண்டவர்களுக்கு, அதனால் நோய் பரவி ஆயுள் குறைந்தது என்பதற்கு இத்தனை ஆண்டு அனுபவத்தில் ஆதாரம் இல்லை. உண்மையில் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: ஊசிப் பரிசோதனையே செய்யாமல், "சின்னக் கட்டிதானே" என்று எங்காவது ஒரு கிளினிக்கில் அறுத்தெடுத்துவிடுவது. எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கே அனுப்பாமல் விட்டுவிடுவதும் நடக்கிறது. பிறகு அது புற்றாக இருந்தது என்று தெரியவந்தால், எவ்வளவு இருந்தது, ஓரம் வரை எடுத்தார்களா என்று எதுவும் தெரியாமல் திணற வேண்டியிருக்கும். முதலில் ஊசி, பிறகுதான் கத்தி. உங்களுக்குச் செய்திருப்பது சரியான வரிசை.

இனி லேபுக்குள் வருவோம். உங்களிடமிருந்து எடுத்தது நூல்போன்ற சில துணுக்குகள். எடுத்த உடனே அவை பாட்டிலில் இருக்கும் ஃபார்மலின் என்ற திரவத்தில் விழ வேண்டும். விழுந்த நிமிடத்திலிருந்து திசு கெட்டுப்போவது நிற்கிறது. செல்கள் உயிரோடு இருந்தபோது எப்படி இருந்தனவோ அதே வடிவில் நிலைபெறுகின்றன. இதற்குக் குறைந்தது 6 மணி நேரம் வேண்டும்; 72 மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது. அவசரப்பட்டு இதைக் குறைத்தால், பின்னால் செய்ய வேண்டிய ஹார்மோன் பரிசோதனைகள் தப்பும் தவறுமாக வரும். "சீக்கிரம் பண்ணிக் கொடுங்க டாக்டர்" என்று எவ்வளவு கெஞ்சினாலும் இந்த இடத்தில் நாங்கள் இறங்கிவர முடியாது, இறங்கிவரவும் கூடாது.

இந்த இடத்தில் ஒரு விஷயம். தமிழ்நாட்டில் பல இடங்களில் அந்தப் பாட்டிலை நோயாளியின் கணவரோ தம்பியோதான் கையில் எடுத்துக்கொண்டு லேபுக்கு வருகிறார்கள். உங்களுக்கு இது முடிந்திருக்கும், அடுத்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பாட்டிலின் மேலேயே பெயரும் எந்தப் பக்கம் என்பதும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியில் மட்டும் எழுதினால் மூடி மாறிவிடும். துணுக்கு முழுக்க முங்கி, அதைப்போல் பத்து மடங்காவது திரவம் இருக்க வேண்டும். கசிகிறது என்று கொட்டிவிடாதீர்கள், தண்ணீர் சேர்க்காதீர்கள், ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குக் கொண்டுபோகாமல் நேராக லேபுக்கு வாருங்கள்.

லேபில் முதல் வேலை, துணுக்குகளை எண்ணி, நீளம் அளந்து, ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து எண் போடுவது. அன்று இரவு அது மெஷினுக்குள் போகும். படிப்படியாக ஆல்கஹால் ஏறி திசுவிலிருக்கும் தண்ணீரை வெளியேற்றும், பிறகு அந்த ஆல்கஹாலை நீக்க சைலீன் என்ற கரைப்பான், கடைசியில் உருகிய பாரஃபின் மெழுகு. இரவு முழுக்க ஆகும். காலையில் அந்தத் துணுக்கை மெழுகுக்குள் பதித்துக் குளிரவைத்தால் கட்டைவிரல் அகலத்தில் ஒரு கட்டி கிடைக்கும். இதைத்தான் பிளாக் என்கிறோம். இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிளாக்கை மைக்ரோடோம் என்ற கருவியில் பொருத்தி, டெக்னீஷியன் சீவுவார். ஒரு சீவல் 3 அல்லது 4 மைக்ரான் கனம்தான். தலைமுடி இதைவிடப் பல மடங்கு தடிமன். அந்தச் சீவல் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கும். சுருக்கம் விழாமல் கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுப்பதற்குக் கைப்பழக்கம் வேண்டும். நான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் அந்தச் சீவல் சரியில்லை என்றால் என் படிப்பெல்லாம் பயன்படாது. அந்த டெக்னீஷியன்களின் பெயர் எந்த ரிப்போர்ட்டிலும் வருவதில்லை. பிறகு சாயம்: செல்லின் உட்கரு ஊதா நிறத்திலும் மற்றவை இளஞ்சிவப்பிலும் தெரியும். இவ்வளவும் முடிந்து என் மேசைக்கு வரும்போதே இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். நடுவில் ஒரு ஞாயிறோ பண்டிகையோ வந்தால் இன்னும் ஒரு நாள்.

நான் பார்ப்பது இதுதான். பால் குழாய்களின் சுவரில் இயல்பாக இரண்டு அடுக்கு செல்கள் இருக்கும். கெடுதல் இல்லாத கட்டிகளில் வெளி அடுக்கு அப்படியே இருக்கும். புற்று ஊடுருவும்போது அந்த வெளி அடுக்கு காணாமல் போய், செல்கள் ஒழுங்கில்லாமல் சுற்றியுள்ள திசுவுக்குள் நுழைந்திருக்கும். பல சமயம் பார்த்த சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். சில சமயம் தெரியாது. அப்போது பிளாக்கை இன்னும் ஆழமாகச் சீவச் சொல்வோம், அந்த வெளி அடுக்கை மட்டும் தனியாகக் காட்டும் சிறப்புச் சாயம் போடுவோம், பக்கத்து அறையில் இருக்கும் இன்னொரு டாக்டரிடம் காட்டிக் கருத்துக் கேட்போம். காசநோய் சந்தேகம் என்றால் அதற்குத் தனிச் சாயம்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், சொன்ன நாளில் ரிப்போர்ட் வரவில்லை என்றவுடன் "கெட்டதா இருக்கப் போய்த்தான் சொல்ல மாட்டேங்கிறாங்க" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பளிச்சென்று தெரியும் புற்றுநோய்க்கு ரிப்போர்ட் சீக்கிரமே வந்துவிடும். தாமதமாவது பெரும்பாலும், இது ஃபைப்ரோஅடினோமாவா அல்லது அதைப்போலவே இருக்கும், ஆனால் வைத்தியம் வேறான ஃபில்லோடிஸ் என்ற அரிய கட்டியா என்பது போன்ற இடங்களில்தான். சொன்ன தேதி தாண்டினால் போன் செய்து, "ஸ்பெஷல் ஸ்டெயின் போட்டிருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். அது நியாயமான கேள்வி. பதில் சொல்வார்கள்.

வீட்டில் இந்த வாரம். ஊசி போட்ட இடம் கன்றிப்போய் நீலமாகும். உள்ளே கொஞ்சம் ரத்தம் கட்டி, கட்டியே பெரிதானது போலத் தோன்றும். பையாப்ஸி முடிந்த இரண்டாம் நாள் பலர் அலறிப்போய் போன் செய்வது இதற்காகத்தான். வளர்ந்தது கட்டி இல்லை, தேங்கிய ரத்தம். சில வாரங்களில் வடிந்துவிடும். வலிக்குப் பாரசிட்டமால் போதும், துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். ஓரிரு நாள் தண்ணீர்க் குடம், மாவு ட்ரம் தூக்காதீர்கள். வீக்கம் மணிக்கு மணி ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சீழ் தெரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்றபடி தயவுசெய்து கட்டியை அழுத்தி அழுத்திப் பார்க்காதீர்கள். தொடத் தொட அந்த இடம் வீங்கும், வலிக்கும், அந்த வலியே அடுத்த பயத்தைக் கிளப்பும்.

சாப்பாட்டில் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. கறி, முட்டை, சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு, தூக்கமும் இல்லாமல், வாரக் கடைசியில் மயங்கி விழுகிறவர்கள் இருக்கிறார்கள். "அதற்குள் ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமா?" என்றும் கேட்பார்கள். மார்பில் இருக்கும் கட்டி புற்றா இல்லையா என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை கிடையாது. சிஏ 15-3 போன்ற ரத்தப் பரிசோதனைகள் வேறு தேவைக்கானவை. ஆரம்பப் புற்றில் அது இயல்பாகவே இருக்கலாம், புற்றே இல்லாதவருக்கும் ஏறலாம். அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள். முழு உடல் பெட் ஸ்கேனும் இப்போது வேண்டாம்.

யாரிடம் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது பாதித் தூக்கத்தைத் தின்றிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு முழுக்க மூலிகையும் அறிவுரையும் கொட்டும். ஒருவரிடம் சொல்லுங்கள்: அழுதால் சும்மா பக்கத்தில் உட்காரத் தெரிந்த ஒருவர், ரிப்போர்ட் வாங்கும் நாளில் கூட வரக்கூடியவர். அது கணவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அக்காவோ, வேலை பார்க்கும் இடத்துத் தோழியோ இருக்கலாம். தூக்கம் வராத இரவில் போனில் தேடுவதற்குப் பதில், டாக்டரிடம் கேட்க வேண்டியதைத் தாளில் எழுதுங்கள். இரண்டு மூன்று நாளாகத் துளியும் தூக்கம் இல்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் வழி உண்டு.

ரிப்போர்ட் நாளைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. இப்போது பல லேப்கள் பிடிஎஃப்-ஐ இரவு எட்டு, ஒன்பது மணிக்குப் போனுக்கு அனுப்பிவிடுகின்றன. டாக்டரைப் பார்க்க மறுநாள் வரை ஆகும். முடிந்தால் லேபில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: நேரில் வாங்கிக்கொள்கிறேன் என்று. டாக்டரின் அறையில், கூட ஒருவர் இருக்கும்போது பிரிப்பதுதான் நல்லது. இன்னொன்று, நம் வீடுகளில் ரிப்போர்ட்டைக் கணவரும் அண்ணனும் வாங்கிப் படித்துவிட்டு, "அவளுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், தாங்க மாட்டாள்" என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. பாசத்தில் செய்வதுதான். ஆனால் நெஞ்சில் ஊசி வாங்கியவர் நீங்கள், நாளைக்கு மருந்து வாங்கப்போவதும் நீங்கள். "எதுவாக இருந்தாலும் எனக்கு நேராகச் சொல்லுங்கள்" என்று டாக்டரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி சொல்கிறது.

கெடுதல் இல்லை என்று வந்தால், உடனே எழுந்து ஓடிவந்துவிடாதீர்கள். ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: "கையால் பார்த்தது, ஸ்கேன், பையாப்ஸி மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா?" மூன்றும் ஒத்துப்போனால் நிம்மதியாக இருக்கலாம். ஸ்கேனில் பலமான சந்தேகம், பையாப்ஸியில் வெறும் கொழுப்புத்தான் என்றால் ஊசி கட்டியைத் தவறவிட்டிருக்கலாம். மறுபடி எடுக்க வேண்டும். "போதுமான திசு இல்லை" என்று வந்தாலும் அப்படியே. அதை நல்ல செய்தி என்று எண்ணி வீட்டுக்குப் போனவர்கள்தான் எனக்குப் பெரிய கவலை. உங்களுக்கு 4ஏ என்பதால், ஃபைப்ரோஅடினோமா என்ற முடிவு வந்தால் ஒத்துப்போகும். அப்போது அடுத்த ஸ்கேன் எப்போது என்று தேதி குறித்துக்கொண்டு, பழைய படங்களையும் சிடியையும் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை ஒப்பிட அவை வேண்டும்.

புற்று என்று வந்தால், இன்னொரு காத்திருப்பு உண்டு. ஈஆர், பிஆர் (புற்று செல்கள் ஹார்மோனுக்கு இணங்குமா என்று பார்ப்பவை), ஹெர்2 (செல்லின் மேலிருக்கும் ஒரு புரதம் மிகுந்திருக்கிறதா என்று பார்ப்பது) என்று மூன்று பரிசோதனைகளை அதே பிளாக்கிலிருந்து செய்வோம், இன்னும் சில நாள் ஆகும். ஹெர்2 நடுவாந்தரமாக வந்தால் மேலும் ஒரு பரிசோதனை. எந்த மருந்து வேலை செய்யும், ஆபரேஷன் முதலிலா மருந்து முதலிலா என்பதெல்லாம் அதை வைத்துத்தான். அந்த நாட்களும் வீண் இல்லை. பயத்தில் அன்று மாலையே ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். வேறோரிடத்தில் கருத்துக் கேட்க விரும்பினால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, பிளாக்கையும் ஸ்லைடுகளையும் லேபில் எழுதிக்கொடுத்து வாங்கிப் போங்கள். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையம், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசுப் புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், மதுரையிலும் சென்னையிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், எங்கே போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடமுண்டு; அந்த அட்டை வீட்டில் எங்கே இருக்கிறது, அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதை மட்டும் இந்த வாரமே பார்த்து வையுங்கள்.